"பேப்பரே இல்லையே, எதுக்குண்ணே முந்நூறு?"

போன வாரம் காதணி விழாவுக்கு என்று ஒருவர், மதுரையில் இருக்கிற என் அச்சகத்துக்கு வந்தார். ஊர் செக்கானூரணிப் பக்கம். உட்கார்ந்ததுமே, "அண்ணே, பத்திரிகையெல்லாம் வேணாம்ணே. வாட்ஸ்அப்ல விடுற மாதிரி ஒண்ணு மட்டும் போட்டுக் குடுங்க" என்றார். தாய்மாமன்கள் பெயர் மட்டும் பதினொன்று. அதில் யார் முதலில், யார் அடுத்து என்று வீட்டுக்குப் போன் போட்டு இரண்டு முறை கேட்டார். பிள்ளைகள் படம், குலசாமி படம், மண்டபத்துக்கு வழி காட்ட ஒரு கியூஆர் கோடு. டிசைன் போடும் தம்பி ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. நாலு தடவை மாற்றினோம். முடித்துவிட்டு முந்நூறு ரூபாய் என்றேன். மனுசன் நிஜமாகவே திகைத்துப்போனார்.

"பேப்பரே இல்லையே, எதுக்குண்ணே முந்நூறு?"

அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அப்படிக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவர்களே அச்சகக்காரர்களாகிய நாங்கள்தான். "டிசைன் இலவசம்" என்று கடை வாசலில் எழுதி வைத்தவன் நானும்தான். அந்த போர்டை 2022-இல்தான் கழற்றினேன். கழற்றியபோது பக்கத்துக் கடைக்காரர், "ஏன்யா, யாவாரம் வேணாமா?" என்றார்.

அச்சகத் தொழில் செத்துவிட்டது, வாட்ஸ்அப் கொன்றுவிட்டது என்று நம் ஆட்களே டீக்கடையில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆள் வருகிறார்கள். முன்பைவிடக் கூடுதலாகக்கூட வருகிறார்கள். ஆனால் ஆயிரம் என்று வந்தவர் இருநூற்றைம்பது என்கிறார். சம்பந்தி வீடு, மாமன் வீடு, பெரியப்பா வீடு, முறை செய்ய வேண்டிய வீடுகள், இங்கெல்லாம் தட்டில் வெற்றிலை பாக்கோடு, நாலு மூலையில் மஞ்சள் தடவி, நேரில் போய்த்தான் பத்திரிகை வைக்க வேண்டும். போனில் அனுப்பினால் அந்த வீட்டு ஆள் மண்டபத்துக்கு வரமாட்டார், பத்து வருசம் பேசவும் மாட்டார். அந்த இருநூற்றைம்பது எங்கேயும் போகாது. ஆபீஸ் ஆட்கள், தெருக்காரர்கள், கூடப் படித்தவர்கள் என்று மீதி எழுநூற்றைம்பதுதான் போனுக்குள் போய்விட்டது.

சிக்கல் இருப்பது கணக்கில். மல்டிகலர் ஆப்செட்டில் ஒரு பத்திரிகை ஓட்ட, கலருக்கு ஒன்று என்று நாலு பிளேட், அதாவது அச்சுத் தகடு, வேண்டும். இருநூற்றைம்பது அடித்தாலும் நாலு பிளேட்தான், ஆயிரம் அடித்தாலும் நாலு பிளேட்தான். நாலு கலரும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்கிற வரை வேஸ்ட் ஷீட் போவதும் இரண்டுக்கும் ஒரே அளவு. ஆயிரம் அடித்த காலத்தில் அட்டையில் கிடைக்கும் லாபத்துக்குள்ளே டிசைன் கூலி, பிழை பார்க்கிற கூலி, இரண்டு தடவை அலைய வைத்த கூலி எல்லாவற்றையும் ஒளித்து வைத்திருந்தோம். ஒளித்து வைக்க இடம் கொடுத்த ஆயிரம் போய்விட்டது. கூலி வெளியே வந்து நிற்கிறது. அதை வாய்விட்டுக் கேட்க நமக்குக் கூச்சம்.

இந்தப் புத்தி எனக்கு ஒரே நாளில் வரவில்லை. அடி வாங்கித்தான் வந்தது. 2018-இல், வேலை குறைகிறதே என்ற பயத்தில், எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். கடன் வாங்கி செகண்ட் ஹேண்டில் ஒரு நாலு கலர் மெஷின் இறக்கினேன். பெரிய மெஷின் வந்தால் பெரிய வேலை வரும் என்று நினைப்பு. வேலை வந்ததும் உண்மைதான். ஆனால் மெஷின் பசிக்குத் தீனி போட வேண்டுமே என்று எந்த ரேட்டுக்கும் தலையாட்ட ஆரம்பித்தேன். சிவகாசி ரேட்டைக் காட்டி ஒருவர் குறைக்கச் சொன்னால், ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டு, காலையில் "சரி, விடுங்க" என்பேன். ஒண்ணேகால் மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஊர் அது. காலண்டர், நோட்டு, லேபிள் எல்லாம் மலை மலையாக ஓடுகிற இடம். ஆடி 18 அன்று அங்கே அடுத்த வருச காலண்டர் மாதிரிகளைக் காட்டுகிற ஆல்பம் போட்டுவிடுவார்கள். அந்த ஊரோடு ரேட்டில் மல்லுக்கு நிற்கிற அளவுக்கு எனக்கு என்ன கொழுப்பு என்று இப்போது தோன்றுகிறது. இப்போது காலண்டர் ஆர்டர் வந்தால் ஆல்பத்தைக் காட்டி, அங்கேயே அடித்து வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். கமிஷன் குறைவு, தலைவலியும் குறைவு.

2020 பிப்ரவரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் 3200 டைரி ஆர்டர். கல்வியாண்டு 2020-21 என்று ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட்டு அடிக்கிற டைரி. முன்பணம் வாங்கவில்லை. பழகிய இடம், எப்படிக் கேட்பது? உள்தாள் முழுக்க ஓட்டி முடித்து, பைண்டிங்குக்கு மடித்து அடுக்கியிருந்தோம். மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவிப்பு. பள்ளி திறக்கவில்லை, டைரிக்கும் வேலையில்லை. தேதி போட்ட தாளை வேறு யாருக்கு விற்பது? கடைசியில் அத்தனையும் எடைக்குத்தான் போனது. பள்ளியில் கேட்டதற்கு, "நாங்க டெலிவரி எடுக்கலையே சார்" என்றார்கள்.

அந்த வருசம் சித்திரைத் திருவிழாவும் இல்லை. மீனாட்சி கல்யாணத்தை ஊரே போனில் பார்த்தது, அழகர் ஆற்றில் இறங்கவில்லை. வெளியூர் ஆட்களுக்கு இது புரியாமல் போகலாம். எங்களுக்குச் சித்திரை என்றால் மண்டகப்படிப் பத்திரிகை, அன்னதான நோட்டீஸ், நீர்மோர்ப் பந்தல் பேனர், போஸ்டர் என்று ஒரு மாத வேலை. அடுத்த வருசமும் அதே கதை. 2021-இல் அந்த மெஷினை வாங்கிய விலையில் பாதிக்கும் கீழே தள்ளிவிட்டேன். லாரியில் ஏற்றும்போது நான் வெளியே வந்து பார்க்கவில்லை.

அப்புறம் தாள் விலை. 2021 கடைசியிலிருந்து 2022 வரை நடந்த கூத்தை இந்தத் தொழிலில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். உலகம் முழுக்கக் கழிவுத்தாள் தட்டுப்பாடு, கப்பல் வாடகை ஏற்றம் என்று ஆயிரம் காரணம் சொன்னார்கள். பக்கத்து இலங்கையில் தாள் இல்லாமல் பள்ளிப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். இங்கே காலையில் கேட்ட விலை சாயங்காலம் இல்லை. திங்கட்கிழமை ஒரு ரேட் சொல்லி, வெள்ளிக்கிழமை தாள் வாங்கப் போனால் கையிலிருந்து போட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து என் கொட்டேஷனில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்: இந்த விலை ஏழு நாளுக்கு மட்டும். கோபப்பட்டவர்கள் உண்டு. தங்கம் வாங்கப் போகிற இடத்தில் அன்றைய விலையைக் கேட்டுவிட்டுத்தானே வாங்குகிறீர்கள் என்றால் சிரித்துவிட்டு முன்பணம் தருகிறார்கள்.

வரியும் தன் பங்குக்கு. 2022 ஜூலையில் அச்சு மைக்கு 12 சதவீதம் 18 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுப் புத்தகத்துக்கு வரி இல்லை, நல்ல விசயம். ஆனால் நாங்கள் வாங்குகிற மற்ற தாள் பெரும்பாலும் 12-லிருந்து 18-க்கு ஏறிவிட்டது. கம்பெனிக்காரர் அதைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வார். கல்யாண வீட்டுக்காரர் எதில் கழிப்பார்? அவர் என் முகத்தைத்தான் பார்ப்பார்.

பில் புக்கை நினைத்தால் சிரிப்பு வரும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஊரில் உள்ள கடை அத்தனைக்கும் புது நம்பர் போட்ட பில் புக் வேண்டும். ஒரிஜினல், டூப்ளிகேட், டிரிப்ளிகேட் என்று வெள்ளை, ரோஸ், மஞ்சள் தாள். நம்பரிங் மெஷின் டக் டக்கென்று ராத்திரி பகலாக அடித்தது. இனி பில் புக்தான் சோறு போடும் என்று நினைத்தேன். அந்த வேலையைக் கொண்டுவந்த அதே வரிதான் கடைக்காரர்களைக் கம்ப்யூட்டர் பக்கம் தள்ளியது. இப்போது மளிகைக் கடையில்கூடச் சின்ன மெஷின் சுருள் தாளில் பில் துப்புகிறது. மொய் நோட்டும் அப்படித்தான். உசிலம்பட்டிப் பக்கம் விசேஷ வீட்டு வாசலில் லேப்டாப் வைத்து மொய் எழுதி, கையோடு ரசீது கொடுக்கிறார்கள். நீளமான நோட்டு அடிக்கிற வேலை போச்சு. சரி, அந்தக் கணக்கைப் பிரிண்ட் எடுத்து, மேலே பிள்ளைகள் படம் போட்டு, காலிகோ பைண்டிங் செய்து கொடுக்கிற வேலை வருகிறது. மொய்க் கணக்கை போனுக்குள் மட்டும் வைத்திருக்க எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தைரியம் கிடையாது. திருப்பிச் செய்ய வேண்டிய பணமாயிற்றே.

உண்மையில் என்னைக் காப்பாற்றிய வேலை எதுவென்றால், ஸ்டிக்கர். அதுவும் நூறு, இருநூறு என்று கேட்கிற வேலை. திருப்பாலையிலிருந்து ஒரு அக்கா, வீட்டிலேயே இட்லிப்பொடி, பருப்புப்பொடி அரைத்து விற்கிறவர், முதலில் வந்தபோது கையால் எழுதிய ஒரு தாளைக் கொடுத்தார். பெயரும் போன் நம்பரும்தான் இருந்தது. உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண், சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி, நிகர எடை, என்னென்ன சேர்ந்திருக்கிறது, எத்தனை நாளைக்குள் பயன்படுத்த வேண்டும், இதெல்லாம் இருந்தால்தான் கடையில் வைப்பார்கள் என்று உட்கார வைத்துச் சொன்னேன். பாக்கிங் தேதிக்கு மட்டும் வெற்றிடம் விட்டு, அதில் ரப்பர் ஸ்டாம்ப் குத்திக்கொள்ளச் சொன்னேன். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். பொடியில் இருந்த எண்ணெய் கவரைத் தாண்டி ஸ்டிக்கரில் ஏறி, எழுத்தெல்லாம் திட்டுத் திட்டாக நின்றது. தப்பு என்னுடையதுதான். எண்ணெய்ப் பண்டத்துக்குக் காகித ஸ்டிக்கர் ஆகாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பணம் வாங்காமல் பிளாஸ்டிக் ஸ்டிக்கரில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். இப்போது அவருக்கு ஒன்பது வகைப் பொடி, மாதா மாதம் ஆர்டர். அவர் சொல்லி இன்னும் ஆறேழு பேர். ஊறுகாய், முறுக்கு, மூலிகைச் சோப்பு. ஒவ்வொன்றும் சின்ன வேலைதான். டிஜிட்டல் மெஷினில் பிளேட் கிடையாது, தாளுக்கு இவ்வளவு என்று கணக்கு, அதனால் கட்டுப்படியாகிறது. முந்நூறு, நானூறு தாளைத் தாண்டினால் நானே ஆப்செட்டுக்குப் போகச் சொல்லிவிடுவேன்.

இந்த மாதிரி வேலையில் யாரும் ரேட்டைப் பேரம் பேசுவதில்லை என்பதைக் கவனித்தேன். என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும், அதற்குத்தான் வருகிறார்கள்.

இப்போது நிறையப் பேர் போனிலேயே டிசைன் போட்டுக்கொண்டு வந்து, "பிரிண்ட் மட்டும் போதும்" என்கிறார்கள். சந்தோஷமாக வாங்கிப் பார்த்தால், வெட்டுவதற்கு ஓரம் விட்டிருக்காது. ஏஐ வரைந்த படத்தில் தமிழ் எழுத்து எந்த ஊர் மொழி என்றே தெரியாது. அடித்த தாளைப் போன் பக்கத்தில் வைத்து, "இதுல பளிச்சுனு இருக்கே, அதுல டல்லா இருக்கே" என்பார்கள். போன் திரை வெளிச்சம் போடும், தாள் போடாது, என்ன செய்வது. அதைச் சரி செய்வதும் ஒரு மணி நேர வேலை. அதற்கும் காசு கேட்கிறேன்.

தேர்தல் வந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அச்சிட்டவர் பெயரும் முகவரியும் தேர்தல் போஸ்டரில் இல்லாவிட்டால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. கையெழுத்துப் போட்ட உறுதிமொழி வாங்காமல் மெஷினைத் தொடாதீர்கள், முழுப்பணம் வாங்காமல் தாளையே தொடாதீர்கள். தோற்றவர் வீட்டுக்குப் பாக்கி கேட்கப் போன அனுபவம் எனக்கு உண்டு. ஜெயித்தவர் வீட்டுக்கும் போயிருக்கிறேன், இரண்டும் ஒன்றுதான்.

மறுபடி முந்நூறு ரூபாய்க்கு வருகிறேன். டிசைனுக்குக் காசு கேட்டால் ஆள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்பதுதான் எல்லாருடைய பயமும். போகத்தான் செய்கிறார்கள். பத்தில் மூன்று பேர் போகிறார்கள். அந்த மூன்று பேரும் நாலு தடவை திருத்தச் சொல்லிவிட்டுக் கடைசியில் பிரிண்ட் வேண்டாம் என்கிற ஆட்கள் என்பது என் அனுபவம். பக்கத்துக் கடைக்காரரும் கேட்டுவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? நம் தெருவில் இருக்கிற பதினேழு கடைக்காரரும் சேர்ந்து ஒரு நாள் பேசினால் முடிகிற விசயம் இது. இரண்டு தடவை கூப்பிட்டேன். முதல் தடவை ஐந்து பேர் வந்தார்கள், அடுத்த தடவை மூன்று.

செக்கானூரணிக்காரர் கொஞ்ச நேரம் போனில் அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். ஒன்பதாவது மாமனின் இனிஷியல் தப்பு என்றார். மாற்றிக் கொடுத்தேன். "இருநூத்தம்பது வச்சுக்கங்கண்ணே" என்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, மாமன் வீடுகளுக்கு வைக்க மட்டும் ஐம்பது அட்டையில் அடித்தால் எவ்வளவு ஆகும் என்றார்.