எரேமியா படத்தில் கடவுளின் குரல் நமக்குக் கேட்கக் கூடாது

பைபிள் கதைகளை வைத்து வரும் படங்களையும் தொடர்களையும் விடாமல் பார்க்கிறவன் நான். அதில் ஒரு விஷயம் ரொம்ப நாளாக உறுத்துகிறது. தீர்க்கதரிசியிடம் கடவுள் பேசும் காட்சி வந்தால், அந்தக் குரலை நமக்கும் கேட்க வைத்துவிடுகிறார்கள். 1998இல் வந்த 'த பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' படத்தில் மோசேக்குக் குரல் கொடுத்த வால் கில்மரே கடவுளுக்கும் குரல் கொடுத்தார். 2014இல் ரிட்லி ஸ்காட் தன் 'எக்ஸோடஸ்' படத்தில் ஒரு சிறுவனைக் கொண்டுவந்து நிறுத்திப் பேச வைத்தார். மோசேயின் கதைக்கு இது பொருந்தும். கடலே பிளந்து வழிவிடுகிற கதையில் கடவுள் யார் பக்கம் என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் எருசலேம் பாபிலோனிடம் விழும் என்று எச்சரித்த தீர்க்கதரிசியான எரேமியாவின் கதையை இப்படி எடுத்தால் அந்தக் கதையே செத்துப்போகும்.

ஏன் என்று சொல்கிறேன். எரேமியா புத்தகத்தின் 28ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூதா நாட்டை ஆண்ட சிதேக்கியா ராஜாவின் நான்காம் வருடம். எருசலேம் தேவாலயம், ஆசாரியர்களும் ஜனங்களும் கூடியிருக்கிறார்கள். எரேமியா கழுத்தில் ஒரு மரநுகம். பாபிலோன் ராஜாவுக்குப் பணிந்துபோங்கள், பிழைப்பீர்கள் என்பதைக் கண்ணால் பார்க்கட்டும் என்று அதை மாட்டிக்கொண்டு நடமாடுகிறார். எதிரே அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி. அவரும் 'கர்த்தர் சொல்லுகிறார்' என்றுதான் ஆரம்பிக்கிறார். இரண்டே வருடம், பாபிலோனின் நுகம் முறியும், பாபிலோனுக்குக் கொள்ளைபோன ஆலயப் பாத்திரங்கள் திரும்பி வரும், அங்கே சிறைபோனவர்களும் வருவார்கள் என்கிறார். அதற்கு எரேமியா என்ன சொன்னார் தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." அதன் பிறகு, சமாதானம் வரும் என்று சொல்கிற தீர்க்கதரிசியின் வார்த்தை நிறைவேறும்போதுதான் அவனைக் கர்த்தர் அனுப்பினார் என்று தெரியவரும் என்கிறார். அனனியா அந்த நுகத்தை அவர் கழுத்திலிருந்து கழற்றி எல்லார் முன்னாலும் உடைக்கிறார். எரேமியா பதில் பேசாமல் போய்விடுகிறார். மரநுகத்தை முறித்தாய், அதற்குப் பதில் இரும்பு நுகம் வரும் என்ற கடவுளின் வார்த்தை அவருக்கு அப்புறம்தான் வருகிறது.

அந்தக் கூட்டத்தில் நின்ற ஒரு சாதாரண மனுஷனாக யோசித்துப் பாருங்கள். இரண்டு பேர், ஒரே கடவுளின் பெயர், நேர் எதிரான செய்தி. யாரை நம்புவீர்கள்? நான் சத்தியமாக அனனியாவைத்தான் நம்பியிருப்பேன். அவர் பக்கம் சரித்திரமும் இருந்தது. கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதா நாட்டைச் சூறையாடியபோதும் எருசலேமை அவனால் பிடிக்க முடியவில்லை. நகரம் விழாது என்று அன்றைக்குச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. சொன்னபடியே நடந்தது. அந்த நினைவில் வளர்ந்த ஜனத்துக்கு அனனியா பேசியது பக்தி, எரேமியா பேசியது துரோகம். ஒரு படம் நமக்குக் கடவுளின் குரலை முன்கூட்டியே கேட்க வைத்துவிட்டால், அனனியா வெறும் வில்லனாகிவிடுவார், கூட்டம் முட்டாள் கூட்டமாகிவிடும். நாம் வீட்டில் உட்கார்ந்து பாப்கார்ன் தின்றுகொண்டே நியாயம் பேசுவோம்.

1998இல் பாட்ரிக் டெம்ப்சி நடித்து எரேமியாவைப் பற்றி ஒரு தொலைக்காட்சிப் படமே வந்தது. அதில் அவருக்கு ஒரு காதலியைச் சேர்த்தார்கள். மூலத்தில் அவர் கல்யாணமே செய்துகொள்ளக் கூடாது என்பது கட்டளை. கல்யாண வீட்டுக்கும் போகக் கூடாது, துக்க வீட்டுக்கும் போகக் கூடாது. ஊர் உறவு எல்லாவற்றிலிருந்தும் அறுத்துவிடப்பட்ட ஒரு மனுஷனின் தனிமை அங்கே எழுதியே வைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டுக் காதல் எதற்கு?

எதிராளிகளுக்கும் நியாயம் இருந்தது என்று காட்டுகிற துணிச்சல் வேண்டும். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது, ஊரில் பஞ்சம். இந்த மனுஷன் தெருவில் நின்று, கல்தேயரிடம், அதாவது பாபிலோன்காரர்களிடம், சரணடைகிறவன் பிழைப்பான் என்கிறார். போர்வீரர்களின் கைகளைத் தளர வைக்கிறான், இவனைக் கொல்லுங்கள் என்று பிரபுக்கள் ராஜாவிடம் கேட்கிறார்கள். 1935இல் யூதாவின் பழைய கோட்டை நகரமான லாகீஸில், எரிந்துபோன வாசல் அறையில் மை கொண்டு எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. யூதா விழுவதற்கு முந்தைய கடைசி நாட்களின் ராணுவக் கடிதங்கள். ஒன்றில், பக்கத்துக் கோட்டை நகரமான அசெக்காவின் சமிக்ஞை தெரியவில்லை, லாகீஸின் சமிக்ஞையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று எழுதியிருக்கிறது. இன்னொன்றில், அதிகாரிகளின் வார்த்தைகள் கைகளைத் தளர வைக்கின்றன என்ற அதே குறை. அன்றைக்கு அந்த நாட்டின் மூச்சில் இருந்த பயம் அது. பிரபுக்களைக் கெட்டவர்களாக மட்டும் காட்டினால் அந்தப் பயம் எப்படித் திரைக்கு வரும்?

படமாக்குவதற்குப் பிரம்மாண்டமும் தேவையில்லை. சிதேக்கியாவுக்கு முன்பு ஆண்ட யோயாக்கீம் ராஜா, எரேமியாவின் வார்த்தைகள் எழுதிய சுருளை எரிக்கிற காட்சி போதும். குளிர்காலம், அரண்மனை அறை, முன்னால் கணப்பு. யெகுதி என்ற அரண்மனை ஆள் மூன்று நான்கு பத்தி வாசித்ததும் ராஜா எழுத்தரின் சிறு கத்தியை எடுத்து அந்தத் துண்டை அறுத்து நெருப்பில் போடுகிறான். மறுபடி வாசிப்பு, மறுபடி அறுப்பு. வேண்டாம் ராஜா என்று மூன்று பேர் கெஞ்சுகிறார்கள். கேட்கவில்லை. பின்னால் எரேமியா சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தர் பாருக் முழுவதையும் திரும்ப எழுதுகிறார், இன்னும் சேர்த்தே எழுதுகிறார். அப்புறம், பிரபுக்கள் எரேமியாவை இறக்கிவிட்ட அந்தச் சேற்றுக் குழி. அவரைத் தூக்கிவிட வந்த அரண்மனை ஊழியர், எத்தியோப்பியரான எபெத்மெலேக், கயிறு மட்டும் கொண்டுபோகவில்லை. பழந்துணிகளையும் இறக்கி, அக்குளில் வைத்துக்கொள்ளும், கயிறு அறுக்கக் கூடாது என்கிறார். எரேமியாவின் வாழ்க்கை முழுவதிலும் இவ்வளவு கரிசனத்தோடு அவரைத் தொட்ட காட்சி எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஐந்து நிமிடமாவது அதற்குக் கொடுக்க வேண்டும்.

கடவுளின் குரலை எடுத்துவிட்டால் பக்தி குறையாதா என்று என் சபை நண்பர்கள் கேட்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எருசலேம் விழுந்த பிறகு, எகிப்துக்குப் போகலாமா என்று கேட்டு ஜனங்கள் எரேமியாவிடம் வருகிறார்கள். வார்த்தை வர பத்து நாள் ஆகிறது. அந்தப் பத்து நாள் அவர் சும்மா காத்திருக்கிறார். குரலை நமக்குக் கேட்க வைக்காமல், அந்தக் காத்திருப்பை மட்டும் ஒரு நல்ல நடிகரின் முகத்தில் காட்டுங்கள். விசுவாசம் என்றால் என்ன என்று அதில் தெரியும்.

பத்தாம் நாள் வார்த்தை வருகிறது, போகாதீர்கள் என்று. பொய் சொல்கிறாய் என்கிறார்கள். அவரையும் பாருக்கையும் கூட்டிக்கொண்டே எகிப்துக்குப் போகிறார்கள். இவ்வளவு நாளும் அவர் சொன்னதெல்லாம் நடந்து முடிந்திருக்கிறது, நகரம் சாம்பல். இருந்தும் அங்கே ஜனங்கள் அவரிடம் வாதாடுகிறார்கள், அதுவும் தர்க்கத்தோடு: வானராக்கினி என்ற பெண் தெய்வத்துக்குத் தூபங்காட்டிய காலத்தில் வயிறாரச் சாப்பிட்டோம், நிறுத்தினோம், அதிலிருந்துதான் எல்லாக் கஷ்டமும். பெண்கள் இன்னும் ஒரு படி மேலே போய், புருஷன்மாருக்குத் தெரியாமலா அவளுக்குப் பணியாரம் சுட்டோம் என்று கேட்கிறார்கள். எரேமியா அதற்கும் பதில் சொல்கிறார். அந்த வாதத்தில் ஜெயித்தார் என்று புத்தகம் சொல்லவில்லை, அவர் எப்படி இறந்தார் என்றும் சொல்லவில்லை. இரண்டரை மணி நேரப் படத்தில் இதெல்லாம் அடங்காது, எட்டு எபிசோடாவது வேண்டும். கடைசி எபிசோடு முழுக்க அந்த எகிப்து வாக்குவாதத்துக்கே போகட்டும், அந்தப் பெண்கள் பேசுவது நமக்கும் சரிதானோ என்று தோன்றுகிற அளவுக்கு வசனம் எழுதப்படட்டும்.