நிலவில் 120 டிகிரி வெயிலா?

"நிலவில் பகல் வெப்பம் 120 டிகிரி செல்சியஸ். ஃபிலிமே உருகியிருக்கும், ஆம்ஸ்ட்ராங் எப்படி நடந்தார்?" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. 120 என்ற எண் சரிதான். ஆனால் அது உச்சிப்பொழுதின் கணக்கு. ஆம்ஸ்ட்ராங் சென்ற அப்போலோ 11 இறங்கியது நிலவின் காலைப்பொழுதில், அதுவும் திட்டமிட்டே.

நிலவில் சூரியன் உதித்து மறையவே சுமார் 15 நாள் ஆகும். உச்சிக்கு வர ஒரு வாரம். 1969 ஜூலை 20-இல் அப்போலோ 11-இன் இறங்குகலமான ஈகிள் தரையிறங்கியபோது சூரியன் தொடுவானத்திலிருந்து 11 டிகிரிகூட ஏறவில்லை. தரை முழுச் சூடேற நாட்கள் பாக்கி. அவர்கள் அங்கே இருந்ததோ ஒரு நாளுக்கும் குறைவு. காலையைத் தேர்ந்ததற்கு வெப்பம் மட்டும் காரணமில்லை: சாய்வெயிலில் நிழல் நீளும், பள்ளமும் பாறையும் மேலிருந்தே தெரியும். உச்சிவெயிலில் தரை மொட்டையாகத் தெரியும், இறக்குபவர் பாடு திண்டாட்டம்.

நீங்களே சரிபார்க்கலாம். நாசா தளத்தில் அப்போலோ 11 படங்களை எடுத்து நிழல்களைப் பாருங்கள். சமதரையில் ஆளின் நிழல் ஆள் உயரத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு நீளம். நண்பகலில் அப்படி விழாது. அப்புறம் பழைய பஞ்சாங்கம் கிடைத்தால் இன்னும் நல்லது: அந்த ஜூலை 14 அமாவாசை, இறங்கியது அதிலிருந்து ஆறாம் நாள். இனி வரும் அமாவாசை கழிந்து ஆறாம் நாள் மாலை பைனாகுலரில் பிறையைப் பாருங்கள், அப்போலோ 11 இறங்கிய சமவெளியான அமைதிக் கடலை ஒட்டித்தான் வெளிச்சமும் இருளும் பிரியும் எல்லை இருக்கும்.