துறைக்கான புரோஷரில் துறையைக் காணோம்

கொழும்பு பி.எம்.ஐ.சி.எச். மாநாட்டு மண்டபத்தில் ஒரு கல்விக் கண்காட்சி நடந்து முடிந்தால் போதும், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் பை நிறையப் புரோஷர் சேர்ந்துவிடும். அவற்றில் பத்தை எடுத்து மேசையில் பரப்பிப் பாருங்கள். எது கணக்கியல், எது உயிர்மருத்துவம் என்று முன்பக்கத்தை வைத்துச் சொல்லவே முடியாது. எல்லாவற்றிலும் அதே கண்ணாடிக் கட்டடம், அதே பட்டமளிப்புத் தொப்பி, அதே "ஒளிமயமான எதிர்காலம்". உயர்தரம் எழுதிவிட்டு, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி கைகொடுக்குமா என்று தவிக்கும் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பாடத்தை எடுத்தால் மூன்று, நாலு வருசம் உட்கார்ந்து என்ன செய்வேன்?

புரோஷர் போடும் கல்லூரி அதற்குப் பதில் எழுதாமல் டிசைனரிடம் போகக்கூடாது. புள்ளிவிபரவியல் துறையையே எடுப்போம். "தரவுகளின் உலகம் உங்களை அழைக்கிறது" என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. "இரண்டாம் வருசத்தில் கொழும்பின் முப்பது வருட மழைவீழ்ச்சிப் பதிவை எடுத்து, எந்த மாதத்தில் வெள்ள அபாயம் கூடுகிறது என்று ஆர் மென்பொருளில் கணக்கிடுவீர்கள்" என்று எழுதினால், கணிதப் பிரிவுப் பிள்ளை அங்கேயே நின்று வாசிக்கும். வருசத்துக்கு இப்படி ஒரு வேலை காட்டினால் போதும். முழுப் பாடப்பட்டியலையும் கொட்டினால் அது கைந்நூல்.

இனி வீட்டில் காசு கட்டுபவர். அவர் கேட்பது மூன்று கேள்வி. பட்டத்தை வழங்குவது யார்? உள்ளூர்ப் பட்டமா, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டமா, அந்தப் பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர் என்ன என்பதை எழுதுங்கள். "சர்வதேச அங்கீகாரம்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிய வேண்டாம். அடுத்தது தரம்: இலங்கையின் கல்வித் தகைமை மட்டங்களை வகுக்கும் எஸ்.எல்.கியூ.எஃப்.பில் 5ஆம் மட்டம் என்றால் 90 கிரெடிட் கொண்ட பொதுப் பட்டம், 6ஆம் மட்டம் என்றால் 120 கிரெடிட் கொண்ட சிறப்புப் பட்டம். டிப்ளோமாவைப் பட்டம் மாதிரிக் காட்டும் புரோஷரை இந்த ஒரு வரியிலேயே பிடித்துவிடலாம். அதனால்தானோ என்னவோ, பலர் இந்த வரியை எழுதுவதில்லை. மூன்றாவது மொத்தச் செலவு. பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், பிரித்தானியப் பவுணில் கட்டுவது எவ்வளவு, ரூபாயில் எவ்வளவு என்று பிரித்துப் போடுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியதைப் பார்த்த பெற்றோர் "தவணைமுறை உண்டு" என்ற சொல்லில் மயங்க மாட்டார்கள். கட்டணத்தை மட்டும் தனித் துண்டாக அடித்து உள்ளே செருகினால், அது மாறும்போது ஆயிரம் பிரதியைக் குப்பையில் போட வேண்டி வராது.

மடிப்புக்கு வருவோம். ஏ4 தாளை மூன்றாக மடிப்பதென்றால் 297 மில்லிமீற்றரைச் சமமாக 99, 99, 99 என்று வெட்டாதீர்கள். உள்ளே மடிந்து போகும் பகுதிக்கு 97, மற்ற இரண்டுக்கும் 100. சமமாகப் பிரித்தால் உள்மடிப்பு இடித்து வளைந்து, மூடிய பிறகும் புரோஷர் வாயைப் பிளந்துகொண்டே நிற்கும். வெளிப்பக்கத்தில் இடமிருந்து 97, 100, 100. உள்பக்கத்தில் 100, 100, 97. இதை மாற்றிப் போட்டுவிட்டு அச்சகக்காரரோடு சண்டைக்குப் போவதில் பயனில்லை. சுற்றிவர 3 மில்லிமீற்றர் பிளீட், அதாவது வெட்டுப்படும் மேலதிக ஓரம், விடுங்கள். அட்டையைத் திறந்ததும் கண்ணில் படுவது வெளிப்பக்கத்தின் அந்த 97தான், ஆகவே மேலே சொன்ன மூன்று பதிலும் அங்கே இருக்கட்டும்.

தாளின் கனம் 130 அல்லது 150 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்குக் கிராம்) போதும். 170ஐத் தாண்டினால் கிரீஸ் (மடிப்புக் கோட்டை அழுத்திப் பதிப்பது) போடாமல் மடிக்கக்கூடாது. மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும், கடும்நீலப் பின்னணியில் இன்னும் அசிங்கமாக. மினுங்கும் தாளைவிட மேட் நல்லது. ஸ்டாலில் நின்று பேனையால் குறிப்பெழுத முடியும்.

தமிழ்ப் பிரதிதான் பெரிய தலையிடி. கொழும்பில் லேஅவுட் செய்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருப்பது சாதாரணம். லேஅவுட் மென்பொருளான இன்டிசைனில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தெரிவு செய்யாமல் யூனிகோட் தமிழை ஒட்டினால் "கொழும்பு" என்ற சொல்லிலேயே கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தால் அச்சில் அழகாக வரும், ஆனால் அதே வரியை வாட்ஸ்அப்புக்குக் கொப்பி பண்ணினால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடில் எழுதி, பிழை பார்த்து முடித்தபின் அச்சுக்கோப்பில் மட்டும் எழுத்தை வடிவமாக மாற்றி அவுட்லைன் ஆக்குவதே வழி. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பெட்டியில் தமிழ் அடங்காது. எழுத்தை 8 பொயின்ற்றுக்குச் சுருக்காமல் வசனத்தை வெட்டுங்கள். 10 பொயின்ற் எழுத்துக்கு 14, 15 பொயின்ற் வரி இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் மேல்வரியின் "கு", "மூ" கீழ்வரியின் விசிறியோடு ("கி", "கீ"யின் மேற்குறி) முட்டும்.

கியூஆர் குறி 2 சென்ரிமீற்றருக்குக் குறையாமல், வெள்ளையில் கறுப்பாக, மடிப்பில் படாமல் இருக்கட்டும். அது கல்லூரியின் முகப்புப் பக்கத்துக்கல்ல, அந்தத் துறையின் பக்கத்துக்கே போக வேண்டும். அச்சுக்குப் பிளேட் போடுவதற்கு முதல் ஒரு பிரதியை அடித்து மடித்து, பழைய போன் ஒன்றால் மங்கலான வெளிச்சத்தில் ஸ்கேன் செய்து பாருங்கள்.