உள்வாயை விட்டுவையுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே கரிக்கிலியில் இருந்தேன். மதுராந்தகம் பக்கம், வேடந்தாங்கலுக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் சின்னச் சரணாலயம். இரண்டு ஏரிகளும் சேர்ந்தே சுமார் 60 ஹெக்டேர்தான். 1989-இல் சரணாலயமானது, 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆனாலும் வேடந்தாங்கலுக்கு வருகிறவர்களில் பலர் இதை எட்டிப் பார்க்காமலே ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

தை மாதக் கடைசி. தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. எனக்கு முன்னால் வந்த ஒரு குடும்பம், "ஒண்ணுமே இல்லையே, வெறும் சேறு" என்று பத்து நிமிடத்தில் வண்டியைத் திருப்பிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்குப் பார்க்க வேண்டியதெல்லாம் அந்தச் சேற்றில்தான் இருந்தது.

ஒரு கருவேல மரத்தடியில் அசையாமல் நின்றேன். முதலில் கொக்குகள் மட்டும் தெரிந்தன. கண் பழகப் பழக, சேற்றோடு சேறாக இருந்தவை நகர ஆரம்பித்தன. தண்ணீரே இல்லாத ஈர மண்ணில் உப்புக்கொத்திகள்: நாலடி ஓட்டம், ஒரு நிறுத்தம், ஒரு கொத்து. அடுத்து, விரற்கடைத் தண்ணீரில் உள்ளான்கள். அதற்கும் உள்ளே, சிவந்த நீளக் கால்களோடு நெடுங்கால் உள்ளான்கள். அப்புறம் ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகு வாத்துகளும், தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலை மேலே தூக்கியபடி. இவை பெரும்பாலும் முங்கி இரை தேடுவதில்லை. கழுத்து எட்டுகிற ஆழம் வரைதான் இவற்றுக்குச் சாப்பாடு. கூழைக்கடாக்கள் தள்ளி, நடு ஏரியில். ஓரத்திலிருந்து உள்ளே போகப் போக, ஒவ்வொரு சாண் ஆழத்துக்கும் ஓர் ஆள் இருந்தது.

பைனாகுலரில் ஒரு நத்தை குத்தி நாரையை வெகுநேரம் பார்த்தேன். அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரியும். குஞ்சுக்கு அந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் வரும். சேற்றைத் துழாவி ஒரு நத்தையைப் பிடித்தது. மேல் அலகால் அழுத்திக்கொண்டு, கீழ் அலகின் நுனியை ஓட்டுக்குள் செருகித் தலையை அசைத்துக்கொண்டே இருந்தது. திடீரென்று தலையை உயர்த்தியபோது சதை மட்டும் அலகில் தொங்கியது. அது பறந்தபின் ஓரமாகக் கிடந்த ஓடுகளைப் பார்த்தேன், பெரும்பாலும் உடையவே இல்லை.

மாடு ஓட்டிக்கொண்டு போன பெரியவர் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரொம்பி இருந்தா இதுங்க நிக்க எடம் ஏது தம்பி? வத்த வத்தத்தான் வந்து விழும்."

அவர் சொன்னது ஏரியின் அமைப்பிலேயே இருக்கிறது. நம் முன்னோர்கள் ஏரியைக் கிண்ணம் மாதிரி வெட்டவில்லை. தாழ்ந்த பக்கம் பிறை போல ஒரு கரை, அதில் பாசனத்துக்குத் தண்ணீர் விடும் மதகு, மிகுந்த தண்ணீர் வழிந்தோடும் கலங்கல். எதிர்ப்பக்கம் கரையே இல்லாமல் நிலம் மெல்ல மேடேறிப் போகும். அதுதான் உள்வாய். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் அங்கே ஏறும், தை, மாசியில் இறங்கும். இறங்க இறங்கப் புதிதாகச் சேறு வெளியே வரும். வடக்கேயிருந்து வந்த பறவைகள் திரும்பும் பயணத்துக்கு உடம்பில் கொழுப்புச் சேர்ப்பது அந்தச் சேற்றுப் புழு பூச்சிகளை வைத்துத்தான்.

எங்கள் ஊர் ஏரியில் நாலு வருஷத்துக்கு முன்னால் அழகுபடுத்தும் வேலை நடந்தது. சுற்றிலும் செங்குத்தாக வெட்டி, கல் பதித்து, நடைபாதையும் விளக்கும் போட்டார்கள். தண்ணீர் முன்பைவிட அதிகம் நிற்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஓரத்திலேயே ஆள் மூழ்கும் ஆழம். கூட்டம் கூட்டமாக நின்ற நெடுங்கால் உள்ளான்கள் போயே போய்விட்டன. இப்போது நீர்க்காகமும் நாமக்கோழியும்தான். நடுவில் திட்டு போட்டு மரம் நட்டிருக்கிறோமே என்கிறார்கள். கூடு கட்டுகிற கொக்குக்கு அது உதவும், சரி. உள்ளானுக்கு மரம் எதற்கு?

தூர் வாருவதை நான் எதிர்க்கவில்லை. வண்டல் எடுத்து வயலுக்கு அடிப்பது காலங்காலமாக நடப்பது, ஏரியே பாசனத்துக்குத்தான். மதகுப் பக்கமும் நடுவிலும் வேண்டிய அளவு ஆழப்படுத்துங்கள். உள்வாயின் சரிவில் பொக்லைனை இறக்காதீர்கள், அங்கே கல் பதிக்காதீர்கள். உங்கள் ஊர் ஏரிக்குத் திட்டம் வந்தால், வரைபடத்தில் உள்வாய் என்ன ஆகிறது என்று முதலில் கேளுங்கள். எங்கள் ஊரில் நாங்கள் யாருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் ஏரியின் மேற்கு மூலையில், வாய்க்கால் வந்து சேருமிடத்தில், கல் பதிக்காத கரை ஐம்பதடி மிச்சமிருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். இரண்டு உப்புக்கொத்திகள் இருந்தன.