ரிட்ரீவ் என்றால் மீட்பதா?

போன வாரம் ஒரு சிறுவர் கதையின் மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். சிறுமி பந்தை எறிகிறாள். அடுத்த வரி: “நாய் ஓடிச் சென்று பந்தை மீட்டது.” இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனாலும் அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. மீட்க வேண்டுமென்றால் அந்தப் பந்தை யாராவது பிடித்து வைத்திருக்க வேண்டுமே! மூலத்தில் இருந்த சொல் ரிட்ரீவ். “பந்தைக் கவ்விக்கொண்டு வந்தது” என்று மாற்றிவிட்டேன். அப்புறம் இரண்டு நாள் அந்த ஆங்கிலச் சொல்லின் பின்னாலேயே அலைந்தேன்.

ரிட்ரீவ் பிரெஞ்சிலிருந்து 15-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். பழைய பிரெஞ்சில் ‘த்ரோவேர்’ என்றால் கண்டுபிடித்தல். முன்னால் இருக்கும் ‘ரி’ மறுபடி என்பதைக் குறிக்கிறது. ஆக, மறுபடி கண்டுபிடித்தல், அவ்வளவுதான். இங்கிலாந்தில் அதை முதலில் புழங்கியவர்கள் வேட்டைக்காரர்கள். கௌதாரி வேட்டைக்கு நாயையும் பழக்கிய வல்லூறையும் கொண்டுபோன காலம் அது. நாய் மோப்பம் பிடித்துப் புதரிலிருந்து கௌதாரியைக் கிளப்பும். வல்லூறு பாயும். தப்பிய கௌதாரி கொஞ்சம் தள்ளி இன்னொரு புதரில் போய் ஒடுங்கிக்கொள்ளும். நாய் மறுபடி அதைத் தேடிப்பிடித்து இரண்டாம் முறை கிளப்பிவிட வேண்டும். அந்த இரண்டாவது கண்டுபிடிப்புக்குப் பெயர்தான் ரிட்ரீவ்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பறவை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நாய் எதையும் கவ்வவில்லை, யாரிடமிருந்தும் பறிக்கவில்லை. கண்ணுக்கு மறைந்து போனதை அது ஒளிந்திருக்கும் இடத்தில் போய்க் கண்டுபிடிக்கிறது. சுட்டு விழுந்த பறவையைக் கவ்விக்கொண்டு வருவது என்ற பொருள் துப்பாக்கி வேட்டை பெருகிய பிறகு வலுத்தது. 1868-இல் ஸ்காட்லாந்தில், பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு ஆனவர் உருவாக்கத் தொடங்கிய கோல்டன் ரிட்ரீவர் நாய் இனம் இந்தப் பிந்தைய பொருளின் பிள்ளை.

அதே ‘த்ரோவேர்’ ஆங்கிலேயச் சட்டத்திலும் நுழைந்திருக்கிறது. தன் பொருளை வைத்திருப்பவன் திருப்பித் தராவிட்டால் போடும் வழக்குக்கு அந்தக் காலத்தில் ‘ட்ரோவர்’ என்று பெயர். 1722-இல் லண்டனில் புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவன் ஒரு நகையைக் கண்டெடுத்தான். பொற்கொல்லர் கடைக்கு எடுத்துப் போனான். கடைப் பையன் எடை போடுவதுபோல் வாங்கிக் கற்களைக் கழற்றிக்கொண்டு வெறும் கூட்டைத் திருப்பிக் கொடுத்தான். சிறுவன் வழக்குப் போட்டு ஜெயித்தான். உண்மையான உரிமையாளரைத் தவிர வேறு யாரும் கண்டெடுத்தவனின் உரிமையை மறுக்க முடியாது என்றது தீர்ப்பு. கல்லைக் கொண்டுவந்து காட்டாவிட்டால், மிக உயர்ந்த தரக் கல் என்றே வைத்து விலை போடுங்கள் என்று ஜூரிகளிடம் சொன்னார் நீதிபதி. கண்டுபிடித்தவனுக்கு ஒரு சொல் எவ்வளவு கௌரவம் தந்திருக்கிறது, பாருங்கள்.

சரி, நம் ‘மீட்டல்’ எப்படிப்பட்டது? மீள்வது என்றால் திரும்பி வருவது. மீட்பது என்றால் திரும்பி வரச் செய்வது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பிடி இருக்கிறது. பகைவர் கவர்ந்துபோன ஆநிரையை மீட்பது கரந்தை. செங்கம் பக்கத்து நடுகற்களில் ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்று வெட்டியிருக்கிறார்கள். தொறு என்றால் மாட்டு மந்தை. மாடுகளை மீட்டு உயிரை விட்டவனின் கல் அது. அடகுக் கடையிலிருந்து நகையை மீட்கிறோம். வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கிறார்கள். எதிரி, கடன், வெள்ளம், நோய் என்று ஏதோ ஒன்றின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவதுதான் மீட்டல். ரத்தமும் வியர்வையும் பட்ட சொல். அதைப் பந்துக்கும் கோப்புக்கும் செலவழிப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஆனால் ரிட்ரீவ், ரிகவர், ரிடீம், ரிக்ளெய்ம், சால்வேஜ் எது வந்தாலும் நாம் கைநீட்டுவது இந்த ஒரு சொல்லுக்குத்தான். 1950-இல் அமெரிக்கக் கணினி அறிஞர் கால்வின் மூவர்ஸ் ‘இன்ஃபர்மேஷன் ரிட்ரீவல்’ என்ற தொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தமிழில் அது ‘தகவல் மீட்பு’ ஆகிவிட்டது. தகவலை யாரும் கடத்திப் போகவில்லை. குவியலுக்குள் கிடக்கிறது, தேடி எடுக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுப் பேச்சில் இந்தச் சொல் இப்போது தினமும் அடிபடுவதால், இன்றே யோசித்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

உளவியலில்தான் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. நினைவிலிருந்து ஒன்றை எடுப்பதையும் அவர்கள் ரிட்ரீவல் என்றுதான் சொல்கிறார்கள். 1966-இல் டுல்விங், பேர்ல்ஸ்டோன் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வகை வகையாகப் பிரித்த சொற்பட்டியலைப் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். பலருக்குப் பல சொற்கள் வரவில்லை. வகைப் பெயரை மட்டும் எடுத்துக் கொடுத்ததும், வராத சொற்கள் நிறைய வந்தன. சொல் அழியவில்லை, போகும் வழிதான் தெரியவில்லை. வேறு புதருக்குப் போய்விட்ட அதே கௌதாரி!

என் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பழைய பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைத் தேடும்போது, “இரு, தொண்டைல நிக்குது” என்பார். அவசரப்பட்டு நாம் சொல்லிவிடக் கூடாது. அந்தத் தெரு, அவர் வைத்திருந்த பசு, அவர் மகள் கல்யாணம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தால் போதும், பெயர் தானாகக் கிளம்பி வந்துவிடும். இதை நினைவை மீட்பது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ‘தேடியெடுத்தல்’ என்று எழுதப் போகிறேன். தகவலுக்கும் ‘தகவல் தேடியெடுப்பு’தான். மொழிபெயர்ப்பில் இருக்கும் நண்பர்கள் இதைவிடப் பொருத்தமான சொல் வைத்திருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.