சிலிண்டர் சித்தப்பா எழுதுகிறேன்

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாற்பது செகண்ட். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு எரிவாயு பற்றிக் கேட்கிறேன். மேடையில் இருக்கும் அதிகாரி, "இது கரண்ட் மீட்டிங் சார், கேஸுக்கு நீங்க கேஸ் ஏஜென்சிக்குத்தான் போகணும்" என்கிறார். மண்டபம் சிரிக்கிறது. மூன்று குரூப்பிலிருந்து எனக்கே வந்து சேர்ந்தது. ஒன்றில் 'சிலிண்டர் சித்தப்பா' என்று தலைப்பு வேறு. மோனை நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன்.

நான் கேட்ட கேள்வியை மட்டும் வெட்டிவிட்டார்கள். ஆகவே இங்கே எழுதுகிறேன். மின்சாரத்தை ஒழுங்குபடுத்துகிறவர்களும் குழாய் எரிவாயுவை ஒழுங்குபடுத்துகிறவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு தொழிற்சாலையின் கணக்கை என்றைக்காவது பார்த்திருக்கிறார்களா? இதுதான் கேள்வி. சிலிண்டர் என்ற சொல்லே அதில் இல்லை.

மின்சாரத்துக்கு 2003 சட்டம். மத்தியில் ஓர் ஆணையம், மாநிலங்களுக்கு ஆணையங்கள். எரிவாயுவுக்கு 2006 சட்டம். டில்லியில் தனி வாரியம். இந்த இரண்டு பக்கத்து உத்தரவையும் எதிர்த்து அப்பீல் போவது எங்கே தெரியுமா? ஒரே இடம், டில்லியில் இருக்கும் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். எரிவாயு வழக்கும் அங்கேதான் போகிறது. சண்டை என்று வந்தால் ஒரே வாசல் உண்டு. சண்டை வருவதற்கு முன் பேசத்தான் ஒரு மேசை இல்லை.

திருப்பூரில் என் மாமாவுக்குச் சாயப்பட்டறை. பாய்லரும், துணியை விரித்துச் சூட்டில் உலர்த்தும் ஸ்டென்டரும் விறகில்தான் ஓடுகின்றன. பட்டறை வாசல் வரைக்கும் எரிவாயுக் குழாய் வந்துவிட்டது. கேட்டோரம் மஞ்சள் அடையாளக் கம்பம் நட்டிருக்கிறார்கள். வாட்ச்மேன் அதில் துண்டு காயப்போடுகிறார். நான்தான் மாமாவை உசுப்பிவிட்டேன். ஸ்டென்டரை எரிவாயுவுக்கு மாற்றலாம், கூரையில் சோலார் போடலாம், சுடுதண்ணீருக்குப் பகலில் ஹீட் பம்ப் (காற்றிலிருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீரைக் காய்ச்சும் மின் இயந்திரம்) ஓட்டலாம் என்று எக்செல்லில் அழகாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன்.

மின்சாரப் பக்கம் போனோம். ஹீட் பம்புக்கு டிமாண்ட், அதாவது ஒரே நேரத்தில் இழுத்துக்கொள்ள ஒப்பந்தம் போட்ட மின் அளவு, கூட்ட வேண்டும். கூட்டிவிட்டால் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதத்துக்காவது மாதாமாதம் கட்டியாக வேண்டும். எரிவாயுப் பக்கம் போனோம். அங்கேயும் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குறைந்தபட்ச அளவுக்குப் பணம். ஆர்டர் இல்லாத மாதத்தில் இரண்டு பேருக்கும் அழ வேண்டும். வயிறு ஒன்றுதான், இரண்டு மெஸ்ஸில் முழுச் சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்கச் சொல்கிறார்கள். அவரவர் விதிப்படி இரண்டு பேர் செய்ததும் சரிதான், அதுதான் கொடுமை. சேர்த்துப் பார்க்கிற ஆள் இல்லை. மாமா என் எக்செல்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஏற்கெனவே எல்லா ஒழுங்குமுறையாளர்களுக்கும் சேர்த்து ஒரு மன்றம் இருக்கிறதே, தெரியாதா?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். தெரியும். தொலைத்தொடர்பு முதல் விமான நிலையம் வரை எல்லோரும் சேர்கிற இடம் அது. அங்கே மாமாவின் ஸ்டென்டர் பற்றிப் பேசுவார்கள் என்று நீங்கள் நம்பினால் உங்கள் நல்ல மனசுக்கு ஒரு கும்பிடு. மின் ஆணையத் தலைவர்களுக்கென்றே சட்டப்படி இன்னொரு மன்றமும் இருக்கிறது. அதில் எரிவாயு வாரியத்துக்கு நாற்காலி கிடையாது.

"எரிவாயு மத்திய அரசு விஷயம், மாநில ஆணையம் என்ன செய்யும்?" என்பது நியாயமான கேள்வி. இயற்கை எரிவாயு மத்தியப் பட்டியலில்தான் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது. அதிகாரத்தை மாற்றச் சொல்லவில்லையே, உட்காரத்தானே சொல்கிறேன்? பிரிட்டனில் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் இருந்த இரண்டு அலுவலகங்களைச் சேர்த்து ஆஃப்ஜெம் என்று ஒன்றாக்கிக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஜெர்மனியில் இந்த இரண்டோடு தொலைபேசி, தபால், ரயில் தடம் வரை ஒரே அமைப்பு பார்க்கிறது. நாம் அங்கெல்லாம் போக வேண்டாம். ஒரு மேசை, நாலு நாற்காலி போதும்.

உட்கார முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2024 கோடையில் வெயில் மண்டையைப் பிளந்தபோது, மத்திய மின் அமைச்சகம் அசாதாரணச் சூழலில் மின் நிலையங்களை ஓட்டச் சொல்ல இடம் கொடுக்கும் மின்சாரச் சட்டத்தின் 11-வது பிரிவைக் கையில் எடுத்து, மே, ஜூன் இரண்டு மாதமும் எரிவாயு மின் நிலையங்கள் ஓடியாக வேண்டும் என்று உத்தரவு போட்டது. நாடு முழுவதும் 20 ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் எரிவாயு நிலையங்கள் கட்டி வைத்திருக்கிறோம். எரிவாயு விலை கட்டுப்படியாகாமல் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது. சாயங்காலம் சோலார் படுத்துவிடும் நேரத்தில் சட்டென்று எழுந்து ஓடக்கூடியவை அவை. எரிகிற வீட்டில் ஒன்றுகூடத் தெரிகிறது, மற்ற நாளில் "அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல". நாளைக்குத் தூத்துக்குடியில், தண்ணீரைப் பசுமை மின்சாரத்தால் பிரித்து எடுக்கும் பசுமை ஹைட்ரஜன் வரப்போகிறது என்கிறார்கள். காற்றாலை மின்சாரம், தண்ணீர், குழாய், துறைமுகம், நாலும் சேர்ந்தால்தான் அது. அதற்கு யாரிடம் போய் நிற்பது? ஏஜென்சிக்கா?

"எப்படியும் எல்லாம் கரண்டுக்கு மாறப்போகிறது, எரிவாயுவை ஏன் தூக்கிப் பிடிக்கிறாய்" என்பவர்களுக்கு: மாறட்டும், சந்தோஷம். அதுவரை எரிவது விறகு. பட்டறைக்குள் வந்து ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், அப்புறம் பேசலாம்.

எரிவாயுக் கம்பெனியிடம் காசு வாங்கினேன் என்று எழுதியவருக்குப் பதில் இல்லை. பதினெட்டு வருடமாக இந்தத் தொழிலில் மீட்டர் ரீடிங் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த மண்டபத்தில் சிரித்தவர்களில் பாதிப் பேர் பட்டறைக்கு நான் எனர்ஜி ஆடிட் செய்து கொடுத்தவன். முன்வரிசையில் ஒருத்தர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். போன வருடம் பவர் ஃபேக்டர் அபராதம் (இழுத்த மின்சாரத்தைச் சரியாகப் பயன்படுத்தாததற்கு) வந்தபோது ராத்திரி பதினோரு மணிக்கு என்னைத்தான் எழுப்பினார். அதிகாரி சொன்னது வலிக்கவில்லை, அவருக்கு என்னைத் தெரியாது. சரி, விடுங்கள்.

நேற்று ராத்திரி மாமா கூப்பிட்டார். வீடியோவைப் பார்த்திருக்கிறார். "நமக்கெதுக்கு மாப்ள அந்த வம்பு? நாளைக்கு விறகு லோடு வருது, ஈரமா இருக்குதான்னு கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போ" என்றார். கிளம்பிக்கொண்டிருக்கிறேன். கமெண்டுக்கெல்லாம் பதில் மதியத்துக்கு மேல்தான்.