ஓடிபி யாருடைய போனுக்கு வருகிறது?

ஒன்லைன் வந்து சனம் சோம்பேறியாகிவிட்டது என்று எழுதுகிறவர்கள் ஒருமுறை ஐயன்கன்குளத்தில் இருந்து முல்லைத்தீவுக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, பஸ்ஸில் போய்ப் பார்க்கவேண்டும். மல்லாவி வந்து, மாங்குளம் வந்து, பிறகு ஒட்டுசுட்டான் பக்கமாக இன்னும் 50 கிலோமீற்றருக்குக் கிட்டப் போகவேண்டும். அங்கே போனால், "ஐயா கூட்டத்துக்குப் போட்டார், நாளைக்கு வாங்கோ" என்பார்கள். அன்றைய கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு. அந்த ஒரு நாளை மிச்சம் பிடித்துத் தருகிற எதையும் நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

2009 இல் முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய், செட்டிகுளம் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களில் எத்தனை பேரின் கையில் பிறப்புச் சான்றிதழ் இருந்தது? பங்கருக்குள்ளும் தெருவோரத்திலும் விட்டுவிட்டு வந்த கடுதாசிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்க, நடமாடும் சேவை எப்போது வரும் என்று காத்துக் கிடந்த சனம் இது. இன்றைக்குப் பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்களின் பிரதிக்குப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். இதன் அருமை, எல்லாவற்றையும் அலுமாரியில் பத்திரமாக அடுக்கி வைத்திருப்பவர்களுக்கு விளங்காது.

கரண்ட் பில், கிளிநொச்சியில் இருந்து கொழும்புக்கு ரயில் சீற், பிள்ளைகளின் ஓஎல் பெறுபேறு எல்லாம் போனிலேயே முடிகிறது. அரசாங்கக் கட்டணங்களுக்கு 2025 பெப்ரவரியில் கவ்பேயும் வந்துவிட்டது. சந்தோசம்தான்.

ஆனால் இந்த வசதி எங்கள் ஊர்களில் வயதானவர்களின் கைக்கு நேராக வருவதில்லை. போட்டோக்கொப்பி, றீலோட் எல்லாம் செய்து தருகிற கொமினிக்கேசன் கடை வழியாகத்தான் வருகிறது. 2022 இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்தபோது அந்தக் கடையில்தான் பதிந்து, பிரிண்ட் எடுத்து, லமினேற் பண்ணினோம். அடுத்த வருடம் அரசாங்கத்தின் அஸ்வெசும உதவித்தொகைப் பட்டியலில் பெயர் விடுபட்டவர்கள் மேன்முறையீடு போட ஓடியதும் அங்கேதான். கடைப் பெடியனில் ஒரு பிழையும் இல்லை. அவன் இல்லாவிட்டால் பாதிச் சனத்துக்கு ஒன்றுமே நடந்திராது. ஆனால் கணக்குத் திறக்க அவன் கொடுப்பது தன் ஈமெயிலை, சில வேளை தன் போன் நம்பரையே. ஓடிபி, அதாவது கணக்குக்குள் போக ஒருமுறை மட்டும் பாவிக்கிற இரகசிய இலக்கம், அவனுக்கு வருகிறது. பாஸ்வேர்ட் அவனுடைய கொப்பியில் கிடக்கிறது. நாளைக்கு அவன் வெளிநாடு போனால், கடையைப் பூட்டினால், அந்த அம்மாவின் கணக்குக்குள் யார் போவது?

இதைவிட எனக்குத் தாங்க முடியாதது இன்னொன்று. பிள்ளையின் மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வருகிற ஒரு தாய், எந்த இடம், எந்தத் திகதி, எப்படி என்பதையெல்லாம் றீலோட் போட வந்து நிற்கிற நாலு பேருக்கும் கேட்கச் சொல்லவேண்டி இருக்கிறது. அந்தத் தாய்க்கு இதை வசதி என்று யார் போய்ச் சொல்வது?

மொழி அடுத்த தலையிடி. வடக்குக் கிழக்கின் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே சொல்கிறது. சில தளங்களில் தமிழ் என்ற பொத்தானை அழுத்தினால் முதல் பக்கம் மட்டும்தான் தமிழில் வரும். உள்ளே போனால் ஆங்கிலம். எங்கே பிழை விட்டீர்கள் என்று சிவப்பில் சொல்வதும் ஆங்கிலம். ஓடிபியை ஒருவருக்கும் சொல்லாதீர்கள் என்கிற எச்சரிக்கை கூட ஆங்கிலத்தில் வந்தால், பரிசு விழுந்திருக்கிறது என்று தமிழில் கோல் எடுப்பவனைத்தானே சனம் நம்பும்?

கச்சேரிக் கவுண்டரை மூடிவிட்டு எல்லாவற்றையும் போனுக்குள் தள்ளுவதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். இரண்டும் இருக்கவேண்டும். பிரதேச சபைகளிடம் நூலகக் கட்டடங்கள் இருக்கின்றன. ஒரு கணினி, மறைப்புப் போட்ட ஒரு மேசை, தமிழில் பொறுமையாக நிரப்பிக் கொடுக்க ஒரு ஆள், கிழமைக்கு இரண்டு நாள். கரைச்சி, புதுக்குடியிருப்பு, துணுக்காய் சபைகளில் இருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் இதைக் கேளுங்கள். அதுவரைக்கும், வீட்டில் ஏஎல் படிக்கிற பிள்ளைகளே, அம்மம்மாவுக்கு ஃபோர்ம் நிரப்பினால் அவவின் சொந்த நம்பரைப் போடுங்கள். ஓடிபி என்றால் என்ன, அதை ஏன் ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்பதையும் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுங்கள்.